புகைச் சோதனைக்குப் போகும் முன்: வெயில், மழை, மலை, நெரிசல் உங்கள் வண்டியின் புகையை என்ன செய்யும்?

ஒரே வண்டி, ஒரே பெட்ரோல், ஒரே மெக்கானிக். ஆனாலும் தை மாதம் சிரமமில்லாமல் பாஸ் ஆன வண்டி, சித்திரை வெயிலில் ஃபெயில் ஆகும். மேட்டுப்பாளையத்தில் பாஸ் ஆனது ஊட்டியில் மாட்டிக்கொள்ளும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் உடனே இன்ஜின் போய்விட்டது என்று பயந்து, தேவையில்லாத பாகங்களை மாற்றிக் காசை விடுகிறார்கள். சோதனைச் சீட்டில் வரும் எண் இன்ஜினைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. அன்றைய காற்றின் வெப்பம், ஈரப்பதம், ஊரின் உயரம், அதற்கு முந்தைய அரை மணி நேரம் வண்டி எப்படி ஓடியது, எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதனால் முதலில் சூழ்நிலையைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் தோற்றால் ஸ்பேனரை எடுக்கலாம்.

கீழே உள்ளவை தமிழ்நாட்டில் ஓடும் இருசக்கர வண்டிகளையும் கார்களையும் மனத்தில் வைத்து எழுதியவை.

1. உங்கள் வண்டிக்கு எந்த வரம்பு என்று பாருங்கள்

ஆர்.சி.யை எடுத்து, வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். புதிய கார்டுகளில் பிஎஸ்-4, பிஎஸ்-6 என்று மாசுத் தரமும் அச்சாகியிருக்கும். நாடு முழுவதும் பிஎஸ்-4 வந்தது 2017 ஏப்ரல் 1-இல், பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரல் 1-இல். சோதனை நிலையக் கணினி இதை வைத்துத்தான் உங்கள் வரம்பை முடிவுசெய்கிறது.

பெட்ரோல் வண்டியில் இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சீட்டில் சி.ஓ. என்று வரும், விழுக்காட்டில் இருக்கும். மற்றது எரியாமல் வெளியேறும் பெட்ரோல், எச்.சி. என்று வரும், பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று இருக்கும். 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான பழைய ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குக்கு சி.ஓ. 3.5 விழுக்காடு, எச்.சி. 4,500 பிபிஎம். அதே காலத்து டூ-ஸ்ட்ரோக் என்றால் எச்.சி. 6,000 வரை போகலாம். பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் காருக்கு சி.ஓ. 0.5, எச்.சி. 750. பிஎஸ்-4 கார் முதல் கணக்கு இறுகிவிடுகிறது: ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது, சி.ஓ. 0.3, எச்.சி. 200. அதோடு இன்ஜினை 2,500 ஆர்பிஎம்-மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) நிறுத்திவைத்து சி.ஓ. 0.2-க்குள் இருக்கிறதா, லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்தன என்பதைக் காட்டுவதுதான் லாம்டா. 1 என்றால் சரியான கலவை. அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம், மேலே காற்று அதிகம்.

டீசலுக்கு வாயு அளப்பதில்லை, புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பிஎஸ்-4-க்கு முந்தையது 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பிஎஸ்-4 என்றால் 50, பிஎஸ்-6 என்றால் 26.

வண்டியின் ஆண்டை நிலையத்தில் தவறாகப் பதிந்தால் உங்கள் வண்டிக்கு வேறொன்றின் வரம்பு விழும். திரையில் வரம்பு தெரியும்போதே ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2. ஆவணம், செலவு, தேதி

புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை இந்தப் புகைச் சோதனைச் சான்று தேவையில்லை. அதன் பிறகு பிஎஸ்-3 வரையிலான வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. மின்சார வண்டிகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: வண்டி, ஆர்.சி. அல்லது அதன் டிஜிட்டல் பிரதி, ஆர்.சி.யோடு இணைந்த மொபைல் எண் உள்ள போன். பலர் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரின் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால், ஓ.டி.பி. அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகன் தளத்தில் எண்ணைப் புதுப்பித்துவிடுங்கள். சோதனையின்போது நம்பர் பிளேட் தெரியும்படி படம் எடுப்பார்கள், அதனால் சேறு படிந்த பிளேட்டோடு போகாதீர்கள்.

கட்டணம் பெரிய தொகை அல்ல, வண்டி வகையைப் பொறுத்து மாறும். கொடுக்கும் முன் விலைப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பெரிய செலவு சான்று இல்லாமல் மாட்டினால்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கூடவே ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் இழக்கவும் இடமிருக்கிறது.

தேதி விஷயத்தில் ஒரு யோசனை. சான்று முடியும் நாளில் போகாதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் முன்பே போங்கள். தோற்றால் சரிசெய்து திரும்ப வர அவகாசம் வேண்டும். உங்கள் சான்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலோ ஐப்பசி மழையிலோ முடிகிறது என்றால், ஒருமுறை முன்கூட்டியே புதுப்பித்து அந்தச் சுழற்சியைத் தை, மாசிக்கு நகர்த்திவிடுங்கள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, காற்றில் ஈரமும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உள்ள பிஎஸ்-4 வண்டிகளில், கணினி இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் வகை வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல உதவி.

3. வண்டியை முழுச் சூட்டில் கொண்டுபோங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை, ஒரு பகுதி சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட, கார்புரேட்டர் வண்டியில் சோக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணினியும் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகின்றன. அந்தக் கூடுதல்தான் சி.ஓ.-வாகவும் எச்.சி.-யாகவும் வெளியே வருகிறது. இன்னொன்று, சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். அதற்கு முன் அது வெறும் குழாய்தான். சாலையிலும் இதே கதை. சிறு பயணம் ஒன்றில் வெளியாகும் சி.ஓ., எச்.சி.யில் பெரும்பங்கு ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடத்திலேயே போய்விடுகிறது.

எனவே நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சுற்றி ஓட்டிவிட்டுப் போங்கள். பைக்குக்கு ஏழெட்டு கிலோமீட்டர், காருக்கு 15 முதல் 20 நிமிடம். இடையில் கொஞ்சமாவது 50, 60 கிலோமீட்டர் வேகம் இருக்கட்டும். வீட்டு வாசலில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு நின்றால் போதாது. டெம்பரேச்சர் முள் நடுவில் வந்துவிட்டது என்றால் கூலன்ட் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். ஆயிலும் கன்வர்ட்டரும் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். டீசல் சோதனைக்கு ஆயில் குறைந்தது 60 டிகிரி இருக்க வேண்டும் என்று நடைமுறையே சொல்கிறது.

இப்போதுதான் சிக்கல். சூடாகப் போய்ச் சேர்கிறீர்கள், முன்னால் ஐந்து வண்டி வரிசை. நீங்கள் ஐடிலில் காத்திருக்கிறீர்கள். இருபது நிமிடம் ஐடிலில் நின்றால், இன்ஜினிலிருந்து தள்ளிக் காரின் அடியில் இருக்கும் பழைய வகைக் கன்வர்ட்டர் வேலை செய்யாத அளவுக்கு ஆறிவிடும். வரிசை நீளமென்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு முந்தைய வண்டி உள்ளே போனதும் ஸ்டார்ட் செய்து, 2,500 ஆர்பிஎம் அளவில் இரண்டு மூன்று நிமிடம் சீராகப் பிடியுங்கள். பிறகு ஐடிலுக்கு விட்டுவிட்டு உள்ளே போங்கள். விட்டுவிட்டு முறுக்குவதால் பயனில்லை, ஒவ்வொரு முறுக்கலும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலைத்தான் உள்ளே தள்ளும்.

4. கோடை

40 டிகிரி காற்று, 20 டிகிரி காற்றைவிட ஆறேழு விழுக்காடு அடர்த்தி குறைந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இதைக் கணக்கில் எடுத்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று குறைந்தாலும் பெட்ரோல் ஏறக்குறைய பழைய அளவிலேயே போகும், கலவை கனமாகும், சி.ஓ. ஏறும். வேலூரிலும் திருச்சியிலும் மே மாத மதியத்தில் பழைய பைக்கை வரம்புக்கு அருகில் வைத்திருப்பவர்கள் தோற்பதற்கு இந்த வித்தியாசம் போதும். காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

வெயிலில் இன்னும் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. நன்றாக ஓடிச் சூடான பைக்கை அணைத்து வெயிலில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். இன்ஜின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவி கிளம்பும். அந்த ஆவி உள்வாங்கும் பாதையில் தேங்கி நிற்கும். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நிமிடம் கனமான கலவைதான். அதனால் அணைத்துக் காத்திருந்தவர்கள், முந்தைய பகுதியில் சொன்ன அந்த இரண்டு மூன்று நிமிட ஓட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. நிழலில் நிறுத்துவதும் உதவும்.

கார்களிலும் புதிய பைக்குகளிலும் டேங்கில் கிளம்பும் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி, கேனிஸ்டர், இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரித்துவிடும். பங்க்கில் நாசில் ‘டக்’ என்று நின்ற பிறகும் ரூபாயை முழுத் தொகையாக்க மேலும் நிரப்பினால், திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்விடும். அப்புறம் அது காலியாகும்வரை கலவை குழம்பிக்கொண்டிருக்கும். சோதனை நிலையங்கள் பல பங்க்குகளிலேயே இருப்பதால் நிறையப் பேர் டேங்கை நிரப்பிக்கொண்டு அப்படியே சோதனைக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். வரிசையை மாற்றுங்கள்: முதலில் சோதனை, பிறகு பெட்ரோல். டேங்க் பாதி இருக்கும்போது போவதே நல்லது.

காரில் ஏ.சி., ஹெட்லைட், பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் சோதனையின்போது அணைந்திருக்க வேண்டும். ஏ.சி. கம்ப்ரஸர் ஓடினால் ஐடில் சுமை கூடும், அளவும் அலையும்.

டீசல் கார்களில் யூரியா கரைசல் ஊற்றும் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேன் வாங்கி மொட்டை மாடி அறையில் வைக்காதீர்கள். 25 டிகிரியில் பதினெட்டு மாதம் தாங்கும் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். கெட்டுப்போன கரைசல் புகை அடர்த்தியைக் கூட்டாது, ஆனால் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு உங்களை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்.

5. மலை

ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் ஏறக்குறைய 2,130, ஏற்காடு 1,500. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். சமவெளியில் சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே பத்து விழுக்காட்டுக்கும் மேல் கனமான கலவையைக் கொடுக்கும். பிளக் கருக்கும், ஐடில் தள்ளாடும், சி.ஓ. எகிறும். குளிர் வேறு சேர்ந்துகொள்வதால் சோக்கை நீண்ட நேரம் விட்டுவைப்பார்கள், அதுவும் கூடுதல்.

அதனால் சமவெளி வண்டியைச் சமவெளியிலேயே சோதியுங்கள். மலையிலேயே குடியிருந்து மலையிலேயே ஓட்டுபவர்கள் மட்டும் அங்குள்ள மெக்கானிக்கிடம் கலவையைக் குறைத்து ட்யூன் செய்துகொள்ளலாம். அந்த வண்டியோடு கோவைக்கு இறங்கினால் எதிர்ப்பக்கம் தவறும். கலவை மெலிந்து, இன்ஜின் அதிகம் சூடேறி, முறுக்கும்போது இடறும். மெலிந்த கலவை எரியாமல் தவறினால் எச்.சி. ஏறும். அடிக்கடி ஏறி இறங்குபவருக்கு கார்புரேட்டர் வண்டி பொருந்தாது என்பதே என் தீர்ப்பு. இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றழுத்தத்தை அளந்து தானே சரிசெய்துகொள்ளும், உயரத்தைக் காரணமாகச் சொல்ல அதற்கு உரிமையில்லை. அப்படிப்பட்ட வண்டி மலையில் மட்டும் கரும்புகை விட்டால் அழுத்த சென்சாரைப் பாருங்கள்.

பழைய டர்போ இல்லாத டீசல் ஜீப்புகளுக்கு மலையில் கரும்புகை தவிர்க்க முடியாதது. டீசல் அதே அளவு, காற்று முக்கால் பங்கு. டர்போ வண்டிகள் பெருமளவு தப்பிக்கும்.

காலைக் குளிரில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி நீராவிதான், பயப்பட வேண்டாம். ஆனால் டீசல் புகைமானிக்குள் அது நீர்த்துளியாக மாறினால் புகை என்றே கணக்காகும். வெள்ளை ஆவி நிற்கும்வரை ஓட்டிவிட்டுச் சோதனைக்குக் கொடுங்கள். எவ்வளவு ஓட்டியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அது வேறு, பெரிய செலவு.

6. மழையும் கடல் காற்றும்

ஈரக் காற்றில் நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால், காற்றில் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீராவிதான். இது எரியும் வெப்பத்தைக் குறைப்பதால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கார்புரேட்டரில் சி.ஓ.-வும் டீசலில் புகையும் சற்றுக் கூடும். ஆனால் மழைக்காலத்தில் வண்டிகள் தோற்பதற்கு இந்த நுணுக்கம் முக்கியக் காரணம் அல்ல. நனைந்த பாகங்கள்தான் காரணம்.

பிளக் கேப்பிலும் வயரிலும் ஈரம் புகுந்தால் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி தவறும். ஒரு சிலிண்டரில் அவ்வப்போது பொறி தவறினாலே எரியாத பெட்ரோல் நேராக வெளியே வந்து, எச்.சி. 200-இலிருந்து ஆயிரத்தைத் தாண்டும். நனைந்த பேப்பர் ஏர் பில்டர் காற்றை அடைக்கும், சி.ஓ. ஏறும். ஆக, மழை நின்று ஒரு நாளாவது வண்டி காய்ந்து ஓடிய பிறகு போங்கள். சோதனைக்கு முன் வாட்டர் வாஷ் வேண்டாம், அதுவும் மழைதான். தேங்கிய தண்ணீரில் சைலன்சர் மூழ்க ஓட்டியிருந்தால், முதலில் நீண்ட ஓட்டம் ஓட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். கொதிக்கும் கன்வர்ட்டரில் திடீரென்று தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடிக்கவும் வாய்ப்புண்டு. சைலன்சர் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும்போது உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி.

சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக் காற்று தரும் சிக்கல் தனி. சைலன்சரும் அதன் இணைப்புகளும் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டைகள் விழும். வெளிக்காற்று அதன் வழியே உள்ளே புகுந்து புகையில் கலக்கும். சி.ஓ. குறைவாகத்தான் காட்டும், ஆனால் லாம்டா 1.03-ஐத் தாண்டிவிடும், வண்டி ஃபெயில். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் இருப்பவரைத் தடித்த துணியால் சைலன்சர் முனையைச் சில விநாடி அழுத்தி மூடச் சொல்லுங்கள். ‘ஸ்ஸ்’ என்று வேறு எங்காவது காற்று கசியும் சத்தம் கேட்டால் ஓட்டை அங்கே. வெல்டிங் பட்டறையில் சில நூறு ரூபாய் வேலை. இதைக் கண்டுபிடிக்காமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆக்சிஜன் சென்சார் மாற்றியவர்கள் நிறைய.

7. நெரிசலும் குறுந்தூரமும்

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி ஒருபோதும் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். பிறகு என்றாவது நன்றாகச் சூடாகும்போது அந்தப் பெட்ரோல் ஆவியாகி, பிரீதர் குழாய் வழியே திரும்ப இன்ஜினுக்குள் வந்து கலவையைக் கனமாக்கும். கொடுமை என்னவென்றால் அந்த ‘என்றாவது’ பெரும்பாலும் சோதனை நாளாகவே அமைகிறது. ஆயில் கேஜில் பெட்ரோல் வாசம் அடித்தால், அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஆயில் மாற்றிவிட்டுப் போங்கள். சர்வீஸ் தேதி நெருங்கியிருந்தால் சர்வீஸ் முடித்துச் சில நாள் ஓட்டிய பிறகு சோதனை வைத்துக்கொள்வது லாபம்.

பிஎஸ்-6 டீசலுக்கு நெரிசல் பரம எதிரி. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, அதை எரித்துச் சுத்தம் செய்ய 550, 600 டிகிரி சூடு கேட்கும். அண்ணா சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தால் அது கிடைக்காது. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் சோதனைக்குப் போகாதீர்கள். புறவழிச்சாலையில் உரிமையாளர் கையேடு சொல்லும் வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட்டுங்கள், இடையில் அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் வடிகட்டி சுத்தமாகாது, எரிக்க ஊற்றிய டீசல் ஆயிலில் சேரும்.

மெட்ரோ வேலை, சாலை வேலை நடக்கும் பகுதியில் ஓடினால் ஏர் பில்டர் காலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பைக் பில்டர் சில நூறு ரூபாய், கார் பில்டர் ஆயிரத்துக்குள் முடியும். சோதனைக்கு முன் செய்யும் செலவுகளில் இதைவிட மலிவும் பலனும் உள்ளது வேறில்லை. அடுத்தது ஸ்பார்க் பிளக்.

சான்று கிடைத்துவிட்டால் வண்டி சுத்தம் என்று அர்த்தமில்லை. நின்ற இடத்தில் அளக்கும் இந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதே இல்லை. ஆய்வகத்தில் ஒன்று, சாலையில் ஒன்று என்று வண்டிகள் நடந்துகொள்வதால்தான் 2023 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 இரண்டாம் கட்டத்தில் புதிய கார்களைக் கருவி கட்டிச் சாலையிலேயே ஓட்டி அளக்கும் முறை கட்டாயமானது. அது நிறுவனங்களுக்கான சோதனை, நமக்கு வேலையில்லை.

8. நிலையத்தில் கவனிக்க வேண்டியவை

பெட்ரோல் வண்டிக்கு அளவுக் குழாய் சைலன்சருக்குள் குறைந்தது 300 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் அடி, போக வேண்டும். நுனியில் மட்டும் செருகினால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாக வரும். உங்களுக்கு அது சாதகம் போலத் தோன்றலாம், ஆனால் பிஎஸ்-4 முதல் உள்ள காரில் அதுவே லாம்டாவைக் கெடுத்துத் தோற்கடிக்கும். முந்தைய வண்டி கரும்புகை விட்டதென்றால் குழாயில் ஒட்டிய பெட்ரோல் ஆவி உங்கள் எச்.சி. கணக்கில் சேரலாம். கருவி வெறும் காற்றில் பூஜ்யத்துக்கு வந்த பிறகு குழாயைச் செருகும்படி தன்மையாகக் கேளுங்கள், தப்பில்லை.

டீசல் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி இன்ஜினை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோவார்கள், அளவுகள் ஒத்துப்போகும்வரை பலமுறை. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அதன் காலம் முடிந்திருந்தால் இந்தச் சோதனையிலேயே அறுந்து இன்ஜின் வீணாகலாம். பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய டீசல் கார் வாங்கியவர்கள், முதலில் பெல்ட், பிறகு சோதனை. ஆயில் அளவு குறைவாக இருக்கும்போதும் இந்தச் சோதனை வேண்டாம்.

வண்டி இல்லாமலே சான்று தருகிறேன் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பிடிபட்டால் சிக்குவது உங்கள் வண்டி எண். கிடைத்த சான்றில் கியூஆர் கோடு இருக்கும். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கொடுத்து அது ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

9. தோற்றால்

நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எண்கள் இல்லாமல் மெக்கானிக்கிடம் போனால் அவர் ஊகத்தில் பாகம் மாற்றுவார், நீங்கள் பணம் கொடுப்பீர்கள். சீட்டை இப்படிப் படியுங்கள்.

சி.ஓ. அதிகம், எச்.சி. இயல்பு: கலவை கனம். ஏர் பில்டர், ஒட்டிக்கொண்ட சோக், கார்புரேட்டர் ஐடில் திருகு என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சோர்ந்துபோன ஆக்சிஜன் சென்சார், கசியும் இன்ஜெக்டர்.

எச்.சி. அதிகம், சி.ஓ. குறைவு: பொறி தவறுகிறது. பிளக், பிளக் கேப், வயர். இவை சரியென்றால் வால்வ் இடைவெளி, உள்வாங்கும் பாதையில் காற்றுக் கசிவு.

இரண்டும் அதிகம்: கன்வர்ட்டர் ஆறிப்போயிருந்தது, அல்லது செத்துப்போயிருக்கிறது. நன்றாகச் சூடாக்கி மறுநாள் காலை ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் பெரிய செலவுக்குத் தலையாட்ட வேண்டும்.

லாம்டா மட்டும் அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு: சைலன்சர் ஓட்டை அல்லது சரியாகச் செருகாத குழாய். நன்றாக எரியும் பெட்ரோல் இன்ஜினில் கார்பன் டை ஆக்சைடு 14 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 11, 12 என்று வந்தால் காற்று கலந்திருக்கிறது என்று பொருள்.

சில மெக்கானிக்குகள் ஐடில் திருகைத் திருகி கலவையை அளவுக்கு மீறி மெலிதாக்கி ‘பாஸ் செட்டிங்’ வைத்துத் தருவார்கள். சி.ஓ. இறங்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் மெலிந்தால் எரிவது தவறி எச்.சி. ஏறிவிடும், வண்டியும் சிக்னலில் நின்று நின்று போகும். சான்று வாங்கிய பிறகு பழையபடி திருப்பிவைப்பதும் வழக்கம், அதில் உங்களுக்கு இரண்டு முறை கூலி. டேங்கில் ஊற்றும் ‘பாஸ் ஆகும்’ திரவப் பாட்டில்களுக்கும் காசைக் கொடுக்காதீர்கள், அதே பணத்தில் ஒரு பிளக் வாங்கலாம்.

சரிசெய்த பிறகு உடனே நிலையத்துக்கு ஓடாதீர்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ பிழைக் குறியீட்டை அழித்திருந்தாலோ இன்ஜின் கணினி தன் பழைய கற்றலை மறந்திருக்கும். நெடுஞ்சாலையும் ஊருக்குள்ளும் கலந்து நூறு கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அப்புறம் காலை நேரம், பாதி டேங்க், சூடான இன்ஜின். முடிந்தால் முதலில் சோதித்த அதே நிலையத்துக்கே போங்கள். கருவிக்குக் கருவி சிறு வித்தியாசம் இருக்கும், அதே கருவியில் பார்த்தால்தான் மாற்றிய பாகம் எண்ணைக் குறைத்ததா என்று தெரியும்.